பெர்மிட் யார் பெயரில்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

கோலாலம்பூர், செந்தூலைச் சேர்ந்த 29 வயது வாசகி. பகலில் கணக்காய்வு அலுவலகத்தில் வேலை, வார இறுதியில் நான்கு பேர் கொண்ட இசைக்குழுவில் பாடகி. சொந்தப் பாடல்கள் எட்டு. கூட்டம் சோர்ந்தால் கைகொடுக்க நான்கைந்து சினிமாப் பாடல்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், கீழே இருக்கும் உணவகத்தாரின் இடத்தில், ஓர் ஏற்பாட்டாளர் நிகழ்ச்சி வைத்தார். 120 பேர், டிக்கெட் 35 ரிங்கிட். குழுவுக்கு 1,800 ரிங்கிட் பேசி, 500 முன்பணமாகக் கைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தான். "பெர்மிட் எல்லாம் ஓகேவா அண்ணா?" என்று இவர் கேட்டதற்கு, "எல்லாம் செட்டில்மா, நீங்க வந்து பாடுனா போதும்" என்று பதில் வந்திருக்கிறது.

மாலை ஒலிச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது மாநகர் மன்ற அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். கேளிக்கை உரிமம் இல்லை என்று நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். எல்லாருடைய அடையாள அட்டை விவரமும் குறித்துக்கொள்ளப்பட்டது. சுற்றுலா விசாவில் வந்து, இரண்டு பாட்டு மட்டும் பாடுவதாக இருந்த சென்னைப் பாடகர் ஒருவரும் அங்கே இருந்தார்.

இப்போது ஏற்பாட்டாளர் மூன்று கேட்கிறார்: முன்பணம் திரும்ப வேண்டும், கம்பவுண்டில் (வழக்குக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் தண்டத்தொகையில்) பாதியைக் குழு ஏற்க வேண்டும், அடுத்த நிகழ்ச்சிக்கு வாசகியின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும் ("என் பேரு அங்க அடிபட்டுப் போச்சுமா"). வாசகி நம்மிடம் கேட்பது: மீதிப் பணம், கீபோர்டு வாடகை 250, வேன் 120, இதற்காகத் தட்டிக்கழித்த கல்யாண விருந்துக் கச்சேரியின் 1,500, மனஉளைச்சலுக்கு ஒரு தொகை, இவற்றைக் கேட்க முடியுமா? இனி இலவச நுழைவு, அன்பளிப்புக்கு ஒரு டூயிட்நவ் (கைப்பேசிவழிப் பணம் செலுத்தும்) க்யூஆர், "தனிப்பட்ட ஒன்றுகூடல்" என்று போட்டுத் தாங்களே நடத்தினால் உரிமம் தேவைப்படாதுதானே?

அன்புள்ள வாசகிக்கு,

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கம்பவுண்டில் ஒரு காசும் ஏற்க வேண்டாம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். காரணங்களைப் பார்ப்போம். நீங்கள் சரி என்று நினைத்திருக்கும் சில விஷயங்களும் இடையில் அடிபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "அவரிடம் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையத்தின் வணிகப் பதிவு) சான்றிதழ் இருந்தது, உணவகத்துக்கும் லைசன்ஸ் சுவரில் மாட்டியிருந்தது, அப்புறம் எப்படி நிறுத்தினார்கள்?" இவை இரண்டும் வேறு வேறு காகிதங்கள். நிகழ்ச்சிக்குத் தேவையான மூன்றாவது காகிதம் அங்கே இல்லை. எஸ்எஸ்எம் பதிவு, வணிகத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கு 30 அல்லது 60 ரிங்கிட்டில் யாரும் எடுக்கலாம். உணவக உரிமம் சாப்பாடு விற்க. மேடை போட்டுப் பாடுவதற்கு, 1992-ஆம் ஆண்டின் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசக் கேளிக்கைச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் வேண்டும். அதைத் தருவது மாநகர் மன்றத்தின் உரிமப் பிரிவு. மீறினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கம்பவுண்டோடு முடிந்தால் அது லேசாக முடிந்தது என்றே பொருள்.

உணவகத்துக்கே கேளிக்கை உரிமம் இருந்திருந்தாலும் உங்கள் நிகழ்ச்சி தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த உரிமம் குறிப்பிட்ட வகைக்கும் குறிப்பிட்ட பரப்புக்கும் தரப்படுவது. கீழ்த்தளத்தில் நேரடி இசைக்கு அனுமதி வாங்கியவர் மேல்மாடியைத் திறந்துவிட்டால், மேல்மாடி உரிமம் இல்லாத இடம்தான். பழைய கடைவீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறவும் இறங்கவும் ஒரே குறுகிய படிக்கட்டு. 120 பேரை அங்கே ஏற்ற போம்பா (தீயணைப்புத் துறை) எளிதில் இசையாது. பல ஏற்பாட்டாளர்கள் விண்ணப்பிக்காமலே விடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்: கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரியும்.

"யார் கையிலும் இல்லாத விஷயம்"

முன்பணத்தைத் திருப்பிக் கேட்க ஏற்பாட்டாளர் சொல்லும் காரணம் இது. வெள்ளம் வந்து மண்டபம் மூழ்கினால் அப்படிச் சொல்லலாம். உரிமம் எடுக்காமல் விட்டவர் அதைச் சொல்ல முடியாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தங்களைப் பற்றியது. ஏற்பாட்டாளர்களின் கண், அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்னும் இரண்டாம் உட்பிரிவோடு நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் உட்பிரிவு. ஒரு காரியம் சட்டப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், எதிர்த்தரப்புக்கு அது தெரியாத பட்சத்தில், வந்த நட்டத்தை வாக்குக் கொடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும். கிட்டத்தட்ட உங்கள் கதையே அதில் எழுதியிருக்கிறது.

இதில் கத்தி முனை எது என்றால், "எதிர்த்தரப்புக்குத் தெரியாத பட்சத்தில்" என்ற சொற்கள். உரிமம் இல்லை என்று தெரிந்தே நீங்கள் மேடை ஏற வந்திருந்தால் நிலைமை தலைகீழ். சட்டவிரோத ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் துணை நிற்காது, 24-ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். அதனால்தான் அந்தப் புலன உரையாடல் உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்புள்ள பொருள். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவர் "செட்டில்" என்றிருக்கிறார். அந்த உரையாடலை இன்றே ஏற்றுமதி செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது, தேதியும் தொலைபேசி எண்ணும் தெரிய வேண்டும். கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால் வழக்கு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். குழுவில் வேறு யாராவது "லைசன்ஸ் இல்லாட்டி என்ன, பாத்துக்கலாம்" என்கிற மாதிரி எதுவும் எழுதியிருந்தால் அதையும் எனக்குச் சொல்லுங்கள். அழிக்க வேண்டாம். அழித்தால் இன்னும் கெடும்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்ற கவலை வேண்டாம். வாய்ப்பேச்சும் புலனச் செய்தியும் ஒப்பந்தம்தான். தொகை, தேதி, இடம் மூன்றும் உங்கள் உரையாடலில் இருக்கின்றன. 500 ரிங்கிட் வந்த வங்கிப் பதிவும் இருக்கிறது.

எவ்வளவு கேட்கலாம்

நீங்கள் போட்டிருக்கும் கணக்கை அப்படியே தாக்கல் செய்தால் சரியான பகுதியின் மேலும் சந்தேகம் விழும். மீதி 1,300 ரிங்கிட் நேர்மையான கோரிக்கை. கீபோர்டு வாடகையும் வேனும் அந்த 1,800-ஐச் சம்பாதிக்க நீங்கள் எப்படியும் செய்திருக்கக்கூடிய செலவு. ஊதியத்தையும் கேட்டு, செலவையும் கேட்டால் இரட்டிப்பு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஊதியம்தான் பெரியது. கல்யாண விருந்தின் 1,500-ம் அப்படியே. ஒரே இரவில் இரண்டு இடத்தில் பாடியிருக்க மாட்டீர்கள். மனஉளைச்சல் உண்மைதான், ஆனால் இந்த வகை வணிக ஒப்பந்தத்தில் அதற்குப் பணம் கிடைக்காது.

வெளியிலிருந்து அழைத்த தபேலாக் கலைஞருக்குப் பேசிய 200-ஐ "நிகழ்ச்சியே நடக்கலையே" என்று இன்னும் தரவில்லை என எழுதியிருக்கிறீர்கள். மிச்சமான செலவு உங்கள் கோரிக்கையில் கழிக்கப்படும். அவர் வந்தார், காத்திருந்தார், வாத்தியத்தைச் சுதி சேர்த்தார். கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். நியாயமும் அதுதான், வழக்குக்கும் அதுதான் நல்லது.

5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு முறை இருக்கிறது. நீதிமன்ற விதிகளில் 93-ஆவது ஆணை. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய், 198-ஆம் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடும் முறை அது. எதிர்த்தரப்பு 14 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் ஆள்கள் தடுக்கி விழுகிறார்கள். வாதி தனிநபராக இருக்க வேண்டும். குழுவின் பெயரில் போட்டால் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே ஒப்பந்தம் பேசிய உங்கள் பெயரிலேயே போடுங்கள். அடுத்தது, யார் மேல் வழக்கு? சுவரொட்டியில் இருந்தது ஒரு கவர்ச்சியான பெயர், பணம் வந்தது வேறொருவருடைய தனிக் கணக்கிலிருந்து. எஸ்எஸ்எம் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடிப் பாருங்கள். தனிநபர் வணிகம் என்றால் அதன் உரிமையாளர் மேல், சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் நிறுவனத்தின் மேல். அவசரம் இல்லை, காலவரையறை ஆறு ஆண்டுகள். ஆனால் ஏற்பாட்டாளர்கள் அவ்வளவு நாள் அதே பெயரில் இருப்பது அபூர்வம்.

கம்பவுண்டு, ஐசி, சென்னை விருந்தாளி

கம்பவுண்டு அறிவிப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது அது. கல்யாணச் செலவு மாதிரி பங்கு பிரிக்க முடியாது. நீங்கள் பாதி கட்டினால், "நானும் சேர்ந்துதான் நடத்தினேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சட்டத்தின் பார்வை முதலில் விழுவது நிகழ்ச்சியை வழங்குபவர் மேலும் இடத்தை நடத்துபவர் மேலும். அடையாள அட்டை விவரத்தைக் குறித்துக்கொண்டதால் உங்கள் மேல் குற்றம் சாட்டப்பட்டுவிட்டது என்று ஆகாது. வாக்குமூலம் கேட்டு உங்கள் பெயருக்குக் கடிதம் வந்தால் மட்டும், தனியாகப் போகாமல் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சென்னைப் பாடகர் விஷயத்தில் "பணம் வாங்கலையே, ரெண்டு பாட்டுதானே" என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. வெளிநாட்டுக் கலைஞர் பொதுமேடை ஏறப் புஸ்பால் அனுமதி வேண்டும். அது தொடர்பு அமைச்சின் கீழ் வருவது. விண்ணப்பம் இணையவழி, உள்ளூர் நிறுவனத்தின் மூலம். அதன் மேல் குடிநுழைவுத் துறையின் தொழில்முறை வருகை அனுமதியும் வேண்டும். சுற்றுலா அனுமதியில் மேடை ஏறினால் அனுமதி நிபந்தனையை மீறியதாகும். அபராதம், சிறை, நாடு கடத்தல் மூன்றும் அவர் தலைமேல். உங்களைப் பொறுத்தவரை, விருந்தாளி ஒருவர் உள்ளே வந்த நிமிடமே அது "உள்ளூர்க் கலைஞர் நிகழ்ச்சி" என்ற எளிய நிலையிலிருந்து நழுவிவிடுகிறது. 2023 ஜூலை 21 அன்று செப்பாங்கில் ஒரு பிரிட்டிஷ் இசைக்குழு மேடையில் நடந்துகொண்ட விதத்துக்காக, குட் வைப்ஸ் விழாவின் மிச்ச இரண்டு நாள்களும் மறுநாளே ரத்தாகின. அந்த மேடைகளுக்குக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்கள் செய்த தவறு எதுவும் இல்லை; இழந்தது மட்டும் அவர்களும்தான்.

பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தியது, "அண்ணன் பல வருஷப் பழக்கம், கையெழுத்துத்தானே" என்ற வரி. நம் ஊரில் இதை அலிபாபா வேலை என்பார்கள்; பினாமி என்றாலும் அதுவே. உரிமத்தில் பெயர் இருப்பவர்தான் சட்டத்தின் முன் ஏற்பாட்டாளர். கூட்டம் அளவை மீறினால், நேரம் தாண்டினால், கேளிக்கை வரி கட்டாமல் விட்டால், ஒலிபெருக்கித் தூண் சாய்ந்து யாருக்காவது அடிபட்டால், நிகழ்ச்சி ரத்தாகி 120 பேர் 35 ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்டால், எல்லாம் உங்கள் வீட்டு வாசலில். டிக்கெட் பணமோ அவருடைய கணக்கில். 120 டிக்கெட் என்றால் 4,200 ரிங்கிட், உங்கள் ஊதியத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நாளைக்கு நீங்கள் சொந்தமாக விண்ணப்பிக்கப் போகும்போது "பேரு அடிபட்டுப்போன" ஆள் நீங்களாக இருப்பீர்கள். அவருக்குத் தர வேண்டிய மரியாதையை வேறு விதமாகத் தரலாம்.

தாங்களே நடத்தினால்

இலவசம் என்றால் உரிமம் வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. சட்டத்தில் கேளிக்கை என்பதன் விளக்கமே, கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில் நடப்பது என்றுதான் போகிறது. க்யூஆர் வைப்பதும் வைக்காததும் இதை மாற்றாது. "தனிப்பட்ட ஒன்றுகூடல்" என்று சுவரொட்டியில் அச்சடித்து இன்ஸ்தாகிராமில் போட்டால், அந்தப் பதிவே பொது அழைப்புக்குச் சாட்சி. பெயர் சொல்லி அழைத்த முப்பது பேர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு கதை.

"சிலாங்கூர் பக்கம் போயிட்டா பிரச்சினை இல்லை" என்று அண்ணன் சொல்வதும் சரியில்லை. அங்கே 1995-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது, உரிமம் தருவது அந்தந்த ஊராட்சி மன்றம். பத்துமலை என்றால் செலாயாங், பெட்டாலிங் ஜெயா என்றால் அதன் மாநகராட்சி. செராஸ் பக்கம் இடம் பார்த்தால் இன்னும் கவனம். ஒரு பாதி கோலாலம்பூர், மறுபாதி சிலாங்கூர். முகவரியை மட்டும் நம்பி விண்ணப்பித்து, தவறான மன்றத்தில் மூன்று வாரம் தொலைத்தவர்கள் உண்டு. இடத்தின் மதிப்பீட்டு வரி ரசீது எந்த மன்றத்துடையது என்று உரிமையாளரைக் கேளுங்கள், தீர்ந்தது.

சிறு குழுவுக்கு என் முதல் யோசனை, தற்காலிக உரிமத்துக்கு அலைவதற்கு முன், ஏற்கெனவே கேளிக்கை உரிமம் உள்ள அரங்கைத் தேடுங்கள். வாடகை கூடுதலாக இருக்கும். ஆனால் 100 பேர் நிகழ்ச்சிக்கும் ஆயிரம் பேர் நிகழ்ச்சிக்கும் காகித வேலை ஏறக்குறைய ஒன்றே. இந்த விதிகள் இரவு விடுதியையும் விளையாட்டரங்கையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, நடுவில் இருக்கும் உங்களைப் போன்றவர்களின் அளவுக்குத் தைக்கப்படவில்லை. உரிமத்தின் நகலை வாங்கி நான்கைப் பாருங்கள்: வகை, எந்த மாடி, எத்தனை மணி வரை, எப்போது காலாவதி. நகலைக் காட்டத் தயங்கும் அரங்கை விட்டுவிடுங்கள்.

தற்காலிக உரிமம்தான் வழி என்றால் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். எஸ்எஸ்எம் பதிவு, இட உரிமையாளரின் சம்மதக் கடிதம், இருக்கைகளும் வெளியேறும் வழிகளும் குறித்த வரைபடம், நிகழ்ச்சி நிரல், கலைஞர்களின் அடையாள அட்டை நகல், பாடல் பட்டியலும் வரிகளும் ஆயத்தமாக இருக்கட்டும். காவல் துறையின் ஆதரவுக் கடிதம் அந்த வட்டாரத் தலைமையகத்தில் வாங்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் நிகழ்ச்சிக்குச் செந்தூல் நிலையத்தில் போய் நின்று பயனில்லை. போம்பாவின் கருத்தும் கேட்கப்படும். தமிழ்ப் பாடல் வரிகளோடு மலாய் மொழிபெயர்ப்பையும் நீங்களே இணைத்துவிடுங்கள். புரியாத வரிக்கு எந்த அதிகாரியும் ஒப்புதல் போட மாட்டார், கோப்பு கீழே போய்விடும். தாமதத்துக்குப் பல சமயம் காரணம் இவ்வளவு சின்னது. ஒப்புதல் வாங்கிய பட்டியலை மேடையில் மாற்றவும் வேண்டாம்.

பாடல் உரிமை தனி. நீங்கள் பாடும் சினிமாப் பாடல்களுக்கு பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் காப்புரிமையைக் கவனிக்கும் மாக்ப் அமைப்பிடம் பொதுநிகழ்ச்சி உரிமம் எடுக்க வேண்டும். மேடையில் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பது அனுமதி ஆகாது. ட்ராக் போட்டுப் பாடினால் அந்த ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர் உண்டு. சொந்தப் பாடல்தானே என்றும் விட்டுவிடாதீர்கள்: நீங்கள் மாக்ப் உறுப்பினர் என்றால் அந்தப் பாடல்களைப் பொதுவில் பாடும் உரிமையை அதனிடம் ஒப்படைத்திருப்பீர்கள். பாடல் பட்டியலைத் தவறாமல் கொடுத்தால் பங்குத்தொகை உங்களுக்கே திரும்பும். கொடுக்காமல் விடுவதால் இழப்பது நீங்கள்தான்.

டிக்கெட் விலை வைப்பதற்கு முன் கேளிக்கை வரியையும் பாருங்கள். 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது 25 விழுக்காடு. கூட்டரசுப் பிரதேசங்களில் 2024 முதல் 2028 முடிய உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்கு முழு விலக்கும், அனைத்துலகக் கலைஞர்களுக்கு 10 விழுக்காடும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சிலாங்கூரிலும் பினாங்கிலும் இது மாநில அரசின் வரி, அங்கே கணக்கு வேறு. சென்னை விருந்தாளியின் இரண்டு பாட்டு எவ்வளவு விலை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

செலவுக்கு, சுயேச்சைக் கலைஞர்களுக்கு நிதி தரும் சென்டானாவின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) சுயதொழில் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்துவிடுங்கள். மேடையிலிருந்து விழுந்தால் ஏற்பாட்டாளர் மருத்துவமனைக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி வேறொருவர் நிகழ்ச்சியில் பாட ஒப்புக்கொள்ளும்போது, முன்பணத்தை உறுதிசெய்யும் அதே செய்தியில் இதைச் சேருங்கள்: "நிகழ்ச்சிக்கு 7 நாள் முன்பு கேளிக்கை உரிமத்தின் நகலை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் குழு விலகலாம், முன்பணம் திரும்பாது. உரிமம் இல்லாத காரணத்தாலோ ஏற்பாட்டாளர், இடம், பிற கலைஞர் தொடர்பான காரணத்தாலோ அதிகாரிகள் நிறுத்தினால் முழு ஊதியமும் தரப்படும்." காகிதம் கேட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் புரிகிறது. வழக்கறிஞர் கேட்கச் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

இப்போதைக்கு அவருக்கு அனுப்ப வேண்டியது:

"அண்ணா, வணக்கம். நம் நிகழ்ச்சி கேளிக்கை உரிமம் இல்லாததால் நிறுத்தப்பட்டது. பெர்மிட் எல்லாம் செட்டில் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் நாங்கள் வந்தோம். பேசிய 1,800 ரிங்கிட்டில் 500 பெற்றுக்கொண்டோம். மீதி 1,300 ரிங்கிட்டை இன்றிலிருந்து 14 நாளுக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பணத்தைத் திருப்பவோ கம்பவுண்டில் பங்கு தரவோ நாங்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. அடுத்த நிகழ்ச்சிக்கு என் பெயரில் விண்ணப்பிக்க எனக்குச் சம்மதம் இல்லை."

வேறு ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். அழைப்பு வந்தால் எடுக்காமல், "செய்தியாக எழுதுங்கள் அண்ணா" என்று மட்டும் பதில் போடுங்கள். பத்து ரிங்கிட் அனுப்பி "மீதி அப்புறம்" என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடனை ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. பதினைந்தாம் நாள் பணம் வந்திருக்காவிட்டால், 198-ஆம் பாரம்.